கிளீன் என்றால் போதாதாம்

துப்புரவு வேலை செய்கிறவளுக்கு முன்பெல்லாம் ஒரு கவலைதான், அழுக்குப் போனதா இல்லையா என்று. இப்போது அழுக்குப் போனதை வந்தவர்கள் இங்கிலீசில் எந்தச் சொல்லால் எழுதுவார்கள் என்று இரண்டாவது கவலையும் சேர்ந்துவிட்டது.

நான் வேலை செய்வது தன்னாமுனையில், வாவிக் கரையோரம் இருக்கிற ஒரு சின்ன விருந்தினர் விடுதியில். நாலே அறைகள். முதலாளி ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு, இவ்வளவு பெரிய வீட்டில் தனியே இருந்து என்ன செய்வது என்று அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கினார். சமையல் ஸ்டெல்லாவுடையது. மற்றதெல்லாம் நான்: கூட்டுவது, துடைப்பது, கழுவுவது, விரிப்பது, பிறகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்ப்பது. கடைசி வேலையை எனக்கு யாரும் தரவில்லை. அது என் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு குவைத்தில் வீட்டு வேலை. என் மகள் பெரிய பிள்ளையானதை நான் ஃபோனில்தான் பார்த்தேன். திரும்பி வந்தபோது, இனி என்ன வந்தாலும் போவதில்லை என்று இருந்தேன். போன மாரியில் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி விசயத்தைச் சொன்னார். வருகிறவர்கள் காணாது, வருமானம் போதவில்லை. கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனி சீசன் முழுவதும் ஆட்களை அனுப்பக்கூடும். வந்துபோனவர்கள் ஒன்லைனில் எழுதியதை முதலில் வாசிப்பார்கள், பிறகு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் வீட்டை யாருக்காவது அலுவலகமாகக் கொடுத்துவிட்டு டீச்சர் மகனிடம் போய்விடுவார். அன்று பின்னேரமே, முன்பு என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஃபோன் எடுத்தார், குவைத்தில் நல்ல வீடொன்று வந்திருக்கிறதாம். இந்த மனிதர்களுக்கு எங்கிருந்துதான் மணம் பிடிக்குமோ!

அடுத்தவர் வீட்டைத் துடைத்து உங்கள் வீட்டு அடுப்பை எரிக்கிறவர்களே, உங்களுக்கு என் நெஞ்சிடி விளங்கும். எனக்குத் தெரியாத ஒரு பாசையில், முகம் மறந்துபோன யாரோ எழுதுகிற ஒரு சொல்லில் என் சீவியம் தொங்கியது.

டீச்சரின் ஏணி

காலைச் சாப்பாட்டு மேசை ஒதுங்கிய பிறகு டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் எழுதியதை வாசிப்பார். நாங்கள் பக்கத்தில் நிற்போம். சொற்களை அவர் எங்களுக்கு ஏணி மாதிரி அடுக்கிக் காட்டியிருந்தார். அடிப்படி கிளீன். அடுத்தது வெரி கிளீன். அதற்கு மேலே ஸ்பொட்லெஸ், மருந்துக்கும் ஒரு கறை இல்லை என்று. உச்சிப் படியில் இமாகுலேட். "இப்ப நாம ரெண்டாம் படியில நிக்கிறம் தேவி," என்பார். அன்றைக்கு முழுவதும் நான் குளியலறையில் மூன்றாம் படிக்கு ஏறிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் இங்கிலாந்துக்காரர் ஒருவரும் மனைவியும் தங்கிப் போனார்கள். நல்ல மனிதர்கள், போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் எழுதியது 'குவைட் கிளீன்'. கிளீனோடு இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறதே, இது கட்டாயம் மேல் படிதான் என்று எனக்குச் சந்தோசம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தி இல்லை. அந்த ஊர் ஆட்கள் அப்படி எழுதினால், கிளீன்தான், ஆனால் பெரிதாகச் சொல்வதற்கில்லை என்று அர்த்தமாம். நான் உடனே அந்த அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யன்னல் கம்பி ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது ஸ்டெல்லா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஒரு ஆளுக்குச் சோத்தைப் போட்டுப்போட்டு, பிறகு தட்டில இருந்து அரைவாசிய வழிச்செடுக்கிறது என்ன பழக்கங்கா?"

மாதாவின் சொல்

உச்சிப் படிச் சொல் ஒரு நாள் வந்தேவிட்டது. இத்தாலிக்காரர் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்: குளியலறை இமாகுலேட். டீச்சர் சத்தம் போட்டு வாசித்து, கதிரையை விட்டே எழும்பிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஸ்டெல்லா கையை நிறுத்திவிட்டாள். அவள் இந்த ஊர் வேதக்காரி. அந்தச் சொல்லை அவள் சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டிருக்கிறாள். அது அமலோற்பவ மாதாவுக்கு உரிய சொல், பாவத்தின் நிழலும் விழாத தாய்க்கு. "அதைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குப் போடுறதா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் மெதடிஸ்த சபைக்காரர். அவர் பொறுமையாகச் சொன்னார், இங்கிலீஷ்காரர் அந்தச் சொல்லை மடிப்புக் குலையாத சேட்டுக்கும் சொல்வார்கள், அழகான கையெழுத்துக்கும் சொல்வார்கள், அதில் குற்றம் இல்லை என்று. ஸ்டெல்லா கையைக் கழுவிக்கொண்டு அந்தக் குளியலறைக்குப் போனாள். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பி வந்து மறுபடி தேங்காயைக் கையில் எடுத்தாள். "சொன்னது சொன்னதுதான், இனி என்ன செய்யிற! மாதாட சொல்லுக்கு மரியாதை கெட்டுப்போகாம நீதான்கா தேய்க்கோணும்."

வாளி

அந்தச் சொல் வந்த பிறகு டீச்சர் குளியலறைகளைப் புதிதாகப் படம் எடுத்துப் போட்டார். படத்தில் பிளாஸ்டிக் வாளியும் சின்னக் கோப்பையும் வடிவாக இல்லை என்று, அவற்றை நான் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் துவாய், வெள்ளைக் கடதாசிச் சுருள். பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஒரே பளிச்.

ஓட்டமாவடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்தவர், வயதான தாயை இரண்டு நாள் வாவிக் காற்று வாங்கவென்று கூட்டி வந்திருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்பொட்லெஸ் உம்மா, அங்க பெரிய ஹோட்டல்ல இப்பிடித்தான் இரிக்கிற," என்றார். நான் கதவருகில் நின்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். உம்மா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். பைப்பைத் திறந்தார், மூடினார். அங்குமிங்கும் தேடினார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "வெள்ளையா இரிக்கி மகள், இல்லையெண்டு சொல்லயில்ல. ஆனா தண்ணி அள்ள ஒரு கோப்பையும் இல்லாத இடத்த சுத்தம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

எல்லாம் பேர்ஃபெக்ட்

வாளிகள் திரும்பி வந்தன. படம் எடுக்கும்போது மட்டும் வெளியே போகும். இந்த நிலையில்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளை வந்து இறங்கினாள். என் மகளின் வயதுதான் இருக்கும். சாவியைக் கொடுத்தேன், பேர்ஃபெக்ட் என்றாள். சுடுதண்ணி வராது என்று டீச்சர் சொன்னார், பேர்ஃபெக்ட். கரண்ட் போனது, அதுவும் பேர்ஃபெக்ட். இடியப்பமும் சொதியும் பேர்ஃபெக்ட், சுவரில் இருந்த பல்லியும் பேர்ஃபெக்ட். பேர்ஃபெக்ட் என்றால் ஒரு குறையும் இல்லாதது, ஏணிக்கே மேலே இருக்கிறது என்று டீச்சர் சொல்லியிருந்தார். முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள், நான் இன்னும் துடைக்காமல் விட்ட மேசையையும் அவள் பேர்ஃபெக்ட் என்றதும் பயம் பிடித்துவிட்டது. குவைத்து மேடம் கதவின் மேல் விளிம்பில் விரல் வைத்துப் பார்ப்பார். அது எனக்குப் பழகிப்போன பயம். எதைக் கண்டாலும் சந்தோசப்படுகிற ஆளிடம் எப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனிசன் ஓட்டோ ஓட்டுகிறவர். அவளைப் பாசிக்குடாவுக்கு அவர்தான் கூட்டிப் போனார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்றியபடி தன் பாட்டுக்குச் சிரித்தார். "கதைப் பராக்கில செங்கலடிச் சந்தியில பதுளை றோட்டுக்குத் திருப்பிப்போட்டன். 'சொறி மிஸ், றோங் றோட்' எண்டன். அதுக்கும் பேர்ஃபெக்ட் எண்டுறா. நானும் இன்னும் கொஞ்சத் தூரம் வயலைக் காட்டிப்போட்டுத்தான் திருப்பின."

கை படாத கரை

மாசிப் பனி விலகுகிற நாளில் ஒரு ஜேர்மன்காரர் வந்தார், பறவைகளைப் படம் எடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். விடிய முதலே தோணியில் போய், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கண்டல் மரம் அடர்ந்த கரைகளைச் சுற்றிவிட்டு வெயிலேறத்தான் வருவார். ஒரு நாள் டீச்சரிடம் அந்தக் கரையைப் பற்றி ஒரு சொல் சொன்னார்: பிரிஸ்டீன். ஏணியில் இல்லாத புதுச்சொல். அது எத்தனையாம் படி என்று கேட்டேன். ஒரு கையும் படாமல், ஆதியில் இருந்த மாதிரியே இருக்கிறதுக்கு அப்படிச் சொல்வது என்றார் டீச்சர்.

எனக்கு அன்றைக்கு முழுவதும் அது சரியாகப் படவில்லை. சேறும் சருகும் காகத்தின் எச்சமும் கிடக்கிற கரைக்கு அவ்வளவு பெரிய சொல். தினமும் விடியக்காலை விளக்குமாற்றோடு குனிந்து நான் கூட்டுகிற இந்தக் கரைக்கு அது கிடையாது, ஏனென்றால் என் கை பட்டுவிட்டது. "அப்ப நான் கூட்டாம விட்டா அந்தச் சொல்லு எங்களுக்கும் வருமா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் வழமையை விடவும் நெருக்கமாகக் கூட்டினேன், ரோசம்தான், வேறென்ன. வாசலிலிருந்து தண்ணி வரைக்கும் மணலில் விளக்குமாற்றுக் கோடுகள், ஒன்றையொன்று முட்டாமல் விசிறி விசிறியாக.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஜேர்மன்காரர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார், இறங்கவில்லை. தோணிக்காரர் கரையில் காத்துக்கொண்டிருக்கிறார். இவர் மணலைக் காட்டி ஏதோ கேட்கிறார். நான் ஏதும் குப்பை கிடக்கிறதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். டீச்சர் அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "இதில கால் வைக்க மனம் வருகுதில்லையாம் பிள்ள. கோடு கீறின ஆளிட்டக் கேட்டு, எந்தப் பக்கத்தால நடக்கலாம் எண்டு சொல்லட்டாம்."

மூன்றாம் அறை

கம்பனியிலிருந்து பார்க்க வருகிற நாள் குறித்தாகிவிட்டது. ஏஜென்சிக்காரரும் விடவில்லை, பாஸ்போட்டை மட்டும் ஒருக்கால் எடுத்துப் பார்த்து வையுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். என் படத்தை நானே பார்க்கப் பிடிக்காமல் திரும்ப உள்ளே வைத்தேன். டீச்சர் விரிப்பதற்குப் புது வெள்ளைச் சீற் வாங்கினார், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒன்று. பழைய சீற்றுகள் எல்லாம் தோய்த்துக் கொடியில் ஈரத்தோடு தொங்கின. அவர்கள் வருகிற அன்று காலை நான் எல்லா அறையையும் முடித்துவிட்டேன். திரும்பவும் முடித்தேன். டீச்சர் கேக் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். வீடு பளிச்சென்று இருந்தது, ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு ஆள் வரப் போகிறது, பினாயில் மணக்கிறதே தவிர வீடு வீடாக இல்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒன்றுதான் செய்வோம். செம்பில் தண்ணி எடுத்து, மஞ்சளைக் கரைத்து, ஒரு கொத்து வேப்பிலையால் தொட்டு வாசலில் தெளித்தேன். அதோடு நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. ஒன்றாம் அறை வாசல், இரண்டாம் அறை வாசல். மூன்றாம் அறைக்குள் ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மூலை மூலையாகத் தெளித்தேன். திரும்பிப் பார்த்தால் புதுச் சீற்றில் மஞ்சள் பொட்டுகள். சவுக்காரத்தை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் தெரியவில்லை. மஞ்சள் பொட்டெல்லாம் சிவப்புப் பொட்டாகிவிட்டன. ஸ்டெல்லா வந்து பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்னகா இது, ஆடு வெட்டின இடம் மாதிரி!" வெளியே வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

வந்தவர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, ஐம்பது வயது மதிக்கலாம், தமிழ் கொஞ்சம் பேசினார். டீச்சரும் அதே நேரத்தில் கேக் பெட்டியோடு வந்து இறங்கினார். ஒன்றாம் அறையில் அந்த மிஸ் அலுமாரிக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தார். இரண்டாம் அறையில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மூன்றாம் அறைக் கதவைத் திறந்தார். டீச்சரின் முகம் அந்தச் சீற்றை விட வெள்ளையாகிவிட்டது.

"இது என்ன? ரத்தமா?" என்றார் மிஸ்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. செம்பும் வேப்பிலையும் இன்னும் யன்னலடியில் இருந்தன. "இல்ல மிஸ், மஞ்சள் தண்ணி. நீங்க வாறீங்க எண்டு, வீடு நல்லாச் சுத்தமாகட்டும் எண்டு தெளிச்சன். பிறகு சவுக்காரம் போட்டன்." டீச்சர் இதை இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். மிஸ் செம்பை எடுத்து முகர்ந்தார். "கஹ வத்துர," என்று மஞ்சள் தண்ணிக்கான சிங்களச் சொல்லைத் தனக்குத்தானே சொன்னார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கைவிளிம்பால் தலையணையை ஒருக்கால் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

விறாந்தையில் அவரும் டீச்சரும் இங்கிலீசில் நீளமாகப் பேசினார்கள். நானும் ஸ்டெல்லாவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். எனக்குத் தெரிந்த சொற்களுக்காகக் காதைத் தீட்டினேன். ஸ்பொட்லெஸ் வரவில்லை, எப்படி வரும்! இமாகுலேட் வரவில்லை. கிளீன் ஒரு தடவை வந்தது, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒன்றும் இல்லை. அலுமாரிக்குள் இருந்த பாஸ்போட் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "தேவி, சித்திரை கழிய ஆக்களை அனுப்புறாவாம். சீசன் முழுக்க." ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து அமத்தினாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் சுபாவம் விடவில்லை. "டீச்சர், அவ என்ன சொல்லுச் சொன்னா? எத்தனையாம் படி?" என்று கேட்டேன். 'வெல் கெப்ற்' என்றாராம். ஏணியில் அது இல்லை. ஒரு ஆள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு என்று அர்த்தம் என்றார் டீச்சர். எனக்கு அப்போதும் முழுத் திருப்தி இல்லை, குவைட் கிளீன் மாதிரி இதிலும் ஏதும் உள்குத்து இருக்குமோ என்று. சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்த மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க வீட்டிலயும் அம்மா இப்பிடித்தான், எல்லா இடமும் தெளிக்கிறது. நீங்க வாசலுக்குத் தெளிங்க அக்கா, கட்டிலுக்கு வேணாம்."

ஏஜென்சிக்காரர் அடுத்த கிழமையும் ஃபோன் எடுத்தார். எனக்கு இங்கேயே நல்ல வீடொன்று வாய்த்திருக்கிறது என்று சொன்னேன். வைத்த பிறகு, சொன்ன விதம் சரிதானா என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டேன். தேசிக்காய்ப் புளி தேய்த்து வெயிலில் போட்டும் அந்தச் சீற்றின் கறை முழுதாகப் போகவில்லை, டீச்சர் அதை எனக்கே தந்துவிட்டார்.

அதை நான் முழுதாக மஞ்சள் தண்ணியில் முக்கியெடுத்து என் வீட்டுக் கட்டிலில் விரித்திருக்கிறேன்; இனி எந்த ஊர் ஆள் வந்து எந்தப் பாசையில் எழுதினாலும், தன்னாமுனையில் மருந்துக்கும் ஒரு கறை இல்லாத கட்டில் அது ஒன்றுதான்.